கல்லு சொன்ன பதில்

வந்த பெண் நாற்காலியில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றினாள். உதவியாளன் ரிமோட்டின் கையில் இருந்த டீ பாதி அவன் சட்டை மேலேயே கொட்டியது.

"அண்ணி, இது கல்லு!" என்றான்.

"வந்தவங்களை முதல்ல வாங்கன்னு சொல்லு," என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமலே.

முறைப்படி பார்த்தால் அவள் ரிமோட்டுக்கு மட்டும்தான் அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளையும் காணாமல்போன லாரிகளையும் சோதித்துப் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். பிறகு பூட்டுக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தாள். அன்றிலிருந்து போலீஸ்காரர்கள் முதல் கீழே டீ போடுகிறவர் வரை எல்லோருக்கும் அண்ணியாகிவிட்டாள். ரிமோட் அவள் கணவனின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று வந்தவன் டிவி ரிமோட்டைக் கண்டுபிடித்ததோடு தேடுவதை நிறுத்திக்கொண்டான். வீட்டில் விட்டால் சோபா தேய்கிறது என்று அவனை உதவியாளனாக வைத்துக்கொண்டாள்.

கல்லு என்பது ஊர் வைத்த பெயர். நாமும் அப்படிக் கூப்பிட வேண்டாம். அவள் ஒரு பியூட்டி பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள், அதனால் பார்லர் பெண் என்போம். 'திறந்த வீடு' என்ற டிவி நிகழ்ச்சிக்குப் போனாள். ஒரு வீட்டில் கொஞ்சம் பேரை அடைத்து, சுவருக்குச் சுவர் கேமரா வைத்து, அவர்கள் சண்டை போடுவதையும் சமாதானமாவதையும் ஊருக்குக் காட்டுகிற நிகழ்ச்சி. திறந்த வீட்டில் எது நுழையும் என்ற பழமொழி உங்களுக்கு ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

"நான் ஒரு விஷயம் சொன்னேனா இல்லையான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும் மேடம்," என்றாள் பார்லர் பெண். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"யார் சொன்னது?"

"நான் சொன்னதுதான். எனக்கு ஞாபகம் இல்ல."

அண்ணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் உள்ள இருந்தப்ப அம்மா செத்துட்டாங்க. மனசு அறைன்னு ஒண்ணு இருக்கும், அங்க தனியாக் கூப்பிட்டு மைக்ல சொன்னாங்க. அதுவரைக்கும்தான் ஞாபகம். அப்புறம் டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்தார். தூங்கிட்டேன். மறுநாள் எழுந்து வீட்டுக்கு வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அக்கா கதவைத் திறக்கல. டிவியைப் பாருடின்னு உள்ள இருந்தே சொன்னா. பார்த்தேன்."

"டிவியில என்ன?"

ரிமோட்டால் அடக்க முடியவில்லை. "ஊருக்கே மனப்பாடம் அண்ணி! 'உங்க அம்மா இறந்துட்டாங்க. வீட்டுக்குப் போறீங்களா, இருக்கீங்களா?'ன்னு கேட்டாங்க. இவங்க கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, 'இருக்கேன். போய் ஒண்ணும் ஆகப்போறதில்ல. நான் ஜெயிக்கத்தான் வந்தேன்'னாங்க. அதுக்கப்புறம்தான் கல்லுன்னு..." என்று இழுத்தவன், எதிரில் அவளே உட்கார்ந்திருப்பது உறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"பரவாயில்ல," என்றாள் அவள். "பஸ்ல ஏறினா கண்டக்டரே அப்படித்தான் கூப்பிடுறார். எனக்கு அதெல்லாம் இப்ப உறைக்கிறதில்ல. ஆனா நான் நிஜமாவே அப்படிப்பட்டவதானான்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா அக்கா கதவைத் திறப்பா. ஆமான்னா, நான் திரும்ப அந்தப் பக்கம் போகமாட்டேன். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான்."

அவள் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அண்ணியின் பார்வை அந்த விரல்களில் நின்றது. வலது கை நகங்களின் அடிப்பாதி வெளுப்பாகவும் நுனிப்பாதி கறுப்பாகவும் இருந்தன.

"இது என்ன?"

"முடிக்குப் போடுற டை மேடம். அந்த வீட்டுல ஒரு பழைய நடிகருக்குப் போட்டுவிட்டேன். கையுறை கிழிஞ்சு நகமெல்லாம் ஏறிடுச்சு. தேய்ச்சாப் போகாது. வளர வளர வெட்டித்தான் எடுக்கணும்."

"மனசு அறைக்குப் போறப்ப என்ன உடுத்துவீங்க?"

"நீலச் சட்டை. முதல் நாளே ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்க. எப்ப கூப்பிட்டாலும் அதைத்தான் போட்டுக்கணும், முடியையும் ஒரே மாதிரி கட்டிக்கணும். ஏன்னு கேட்டேன். அழகா இருக்கும்னாங்க."

ரிமோட் தலையாட்டினான். "அந்த நிகழ்ச்சியோட முத்திரையே அந்தச் சட்டைதான் அண்ணி. நான்கூட ஒண்ணு வாங்கினேன்."

"தெரியும். துவைக்கிறது நான்தான்," என்றாள் அண்ணி. "அந்தக் காட்சியைப் போடு."

ரிமோட் போனில் போட்டான். பார்லர் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டாள். அண்ணி சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாள். கேள்வி கேட்கிறவர் படத்தில் இல்லை, குரல் மட்டும். பதில் சொல்லும்போது பார்லர் பெண் வலது கையால் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் கை கீழே போய்விட்டது.

"அந்த நடிகருக்கு டை போட்டது எப்ப? அம்மா செய்திக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி!" ரிமோட் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவன்போல் நிமிர்ந்தான். "டை போட்டு அழகாகித்தான் அவர் வெளியேறினார். அவர் போன மறுநாள் இவங்க அம்மா செய்தி."

"ஆமா," என்றாள் பார்லர் பெண். "அவர் கட்டில் காலியா இருந்துச்சு. அது ஞாபகம் இருக்கு."

அண்ணி காட்சியை இன்னொரு முறை பார்த்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அக்கா துணி ஆலையில் தையல் வரிசைக்கு மேற்பார்வையாளர். இரண்டு ஷிப்ட் வேலை, ஒற்றை அறை வீடு. கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். உள்ளே டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ அனுப்பினாளா?" என்றாள்.

"ஆமா. குடிக்கக் கொஞ்சம் ஜில்லுன்னு தண்ணி கிடைக்குமா?"

தண்ணி கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தாள். முட்டை வைக்கிற தட்டில் முட்டைகளுக்கு நடுவே விரல் உயரத்தில் ஒரு மருந்துக் குப்பி நின்றது. அக்கா சட்டென்று உடம்பால் அதை மறைத்தாள். தண்ணியை நீட்டிய கை லேசாக நடுங்கியது. பையில் இருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்தாள்.

"இன்னும் சாப்பிடலையா?" என்றாள் அண்ணி.

"அதைக் கேக்கவா வந்தீங்க?" அக்காவின் முகம் இறுகியது. "அம்மாவைக் கொண்டுபோயிட்டு வந்து இங்கதான் உக்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து டிவியைப் போட்டா. உன் தங்கச்சி அழப்போறா பாருன்னா. பார்த்தேன். ஜெயிக்க வந்தேன்னு சொன்னா. இதோ, இந்தக் கண்ணால பார்த்தேன். இதை நம்பாம வேற எதை நம்புறது?"

படி இறங்கும்போது ரிமோட் சொன்னான்: "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. இவங்க சொன்னாங்க, அவங்க பார்த்தாங்க."

"அதே முகத்தை ஊரே பார்த்துச்சு," என்றாள் அண்ணி. "கையை யாரும் பார்க்கல."

அந்த நிகழ்ச்சியின் எடிட்டர், அதாவது படத்தை வெட்டி ஒட்டுகிறவர், ஜன்னல் இல்லாத குளிர் அறையில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். எதிரே வரிசையாகத் திரைகள். அண்ணி தன்னை அறிமுகம் செய்துகொண்டு, அந்த வலது கை வருகிற இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார். பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினார். மெல்லுவது நின்றுபோயிற்று.

"அடடா," என்றார் எடிட்டர் மெதுவாக.

"நாளைக்குச் சாயங்காலம் ஒரு வீட்டுக்கு வரணும்," என்றாள் அண்ணி.

"வாயைத் திறக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன் மேடம். வேலை போயிடும்."

"உங்களை யாரும் படம் பிடிக்கமாட்டாங்க. வாங்க."

வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தார். அக்கா கதவுநிலையை விட்டு நகராமல் நின்றாள். எடிட்டரும் அண்ணியும் ரிமோட்டும் வாசலில். பார்லர் பெண் இரண்டு படி கீழே, யாரோ ஒருத்தியின் வழக்கை வேடிக்கை பார்க்க வந்தவள்போல் நின்றாள்.

"முதல்ல அந்தக் காட்சி," என்றாள் அண்ணி, போனை அக்காவிடம் நீட்டி. "நகத்தைப் பாருங்க. எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு. அதுக்கென்ன?"

"உங்க தங்கச்சி கையை இப்பப் பாருங்க."

பார்லர் பெண் கையை நீட்டினாள், டாக்டரிடம் நீட்டுவதுபோல.

"பாதி நகம் இன்னும் கறுப்பு. அந்த வீட்டுல டை போட்டப்ப ஏறினது, வளர்ந்துதான் வெளியேறிட்டு இருக்கு. டை போட்டது அம்மா போறதுக்கு முன்னாடி. அப்படின்னா செய்தி கேட்ட அன்னைக்கு இந்த நகம் முழுக்கக் கறுப்பா இருந்திருக்கணும். டிவியில சுத்தமா இருக்கு. ஏன்னா அந்தப் பதில் அன்னைக்குச் சொன்னதே இல்ல. டை போடுறதுக்கு முன்னாடி என்னைக்கோ சொன்னது."

"ஆனா அதே சட்டை, அதே முடி!" என்றான் ரிமோட்.

"அதுக்குத்தானே அந்தச் சட்டை. எப்பவும் ஒரே உடுப்பு, ஒரே முடிக்கட்டு. அப்பத்தான் எந்த நாளோட பதிலையும் எந்த நாளோட கேள்விக்கு வேணும்னாலும் ஒட்டலாம். ஒட்டினது தெரியாது. இன்சூரன்ஸ்ல ஒரே லாரியை மூணு தடவை திருட்டுக் கொடுத்தவன்கூட நம்பர் பிளேட்டை மாத்தினான். இவங்க அதுகூடச் செய்யல." அண்ணி எடிட்டரைப் பார்த்தாள். "அது எந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்?"

"இவங்க தோழி வெளியேறினப்போ," என்றார் ஹெல்மெட்டுக்குள் இருந்து எடிட்டர். "நீங்களும் கூடவே போறீங்களான்னு கேட்டாங்க. இருக்கேன், போய் ஒண்ணும் ஆகப்போறதில்ல, நான் ஜெயிக்கத்தான் வந்தேன்னு சொன்னாங்க. எல்லாரும் சொல்றதுதான்."

பார்லர் பெண்ணின் முகத்தில் எதுவும் மாறவில்லை. "அப்ப அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?" என்றாள்.

"அழுதிருந்தா அதையே போட்டிருப்போம்மா. நீங்க அழல. ரொம்ப நேரம் சும்மா உக்கார்ந்திருந்தீங்க. அதை வச்சு என்ன பண்றது? சும்மா இருக்கிறதை யாரும் பார்க்கமாட்டாங்க, சேனலை மாத்திடுவாங்க. ஏதாவது தேத்துடான்னாங்க. தேத்தினேன்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "கடைசியா ஒரே ஒரு வார்த்தை பேசினீங்க. அது எதுக்கும் ஒட்டல, அதனால தூக்கிட்டேன். 'அக்கா ஊசி போட்டாளா, சாப்பிட்டாளா? ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க'ன்னீங்க. அதையே திரும்பத் திரும்பக் கேட்டீங்க. அப்புறம்தான் டாக்டர் வந்தார்."

அக்கா கதவுநிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீடியோவைக் காட்டுங்க," என்றாள்.

"இல்லைங்க. போடாததை எல்லாம் சீசன் முடிஞ்சதும் அழிச்சிடுவோம்."

"அப்ப இதையும் நீங்க ஒட்டலைன்னு நான் எப்படி நம்புறது? இவ சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

"இவங்களுக்கே ஞாபகம் இல்லையே. இவரைத் தேடிப் போய்க் கூப்பிட்டது நான்தான்," என்றாள் அண்ணி. பிறகு திரும்பினாள். "ரிமோட், நீ ஒரு காட்சிகூட விடாமப் பார்த்தவன். அக்காவுக்கு உடம்பு எப்படின்னு இவங்க என்னைக்காவது அங்க பேசினாங்களா?"

ரிமோட் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "இல்ல அண்ணி. அக்காவோட கோபம், அக்காவோட சமையல், அக்கா குறட்டை எல்லாம் பேசினாங்க. உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

அண்ணி அக்காவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஃபிரிட்ஜுல முட்டைக்கு நடுவுல வச்சிருக்கிறதை இவருக்கு யார் சொல்லியிருப்பாங்க? உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"சர்க்கரைக்கு ஊசி போடுறேன்னு ஆலையில தெரிஞ்சா ரெண்டாவது ஷிப்ட் தரமாட்டாங்க," என்றாள் அக்கா, தரையைப் பார்த்து. "அம்மாவுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

எடிட்டர் ஒன்றும் புரியாமல் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பி எல்லோரையும் பார்த்தார். ரிமோட்டின் கை பழக்கதோஷத்தில் போனைத் தூக்கியது. அண்ணி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நானும் அன்னைக்கு அழல," என்றாள் அக்கா. இப்போதுதான் தங்கையை நேராகப் பார்த்தாள். "இன்னும் அழல. என்னை யாரும் படம் பிடிக்கல, அதனால எனக்குப் பேரு வைக்கல."

பார்லர் பெண் ஒரு படி ஏறினாள். "நான் அப்படிக் கேட்டேனா அக்கா? எனக்குத் தெரியலையே."

"கேட்டிருக்கே."

"சாப்பிட்டியா?"

"இல்லடி," என்றாள் அக்கா. "அன்னைக்கும் சாப்பிடல. இன்னைக்கும் ஊசி போட்டுட்டு அப்படியே நிக்கிறேன்."

அவள் கதவைவிட்டு விலகி நின்றாள். பார்லர் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல், நேரே அடுப்படிக்குப் போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தட்டு. டிவி இன்னும் ஊமையாக ஓடிக்கொண்டிருந்ததால், ரிமோட் உள்ளே கையை நீட்டி அதை அணைத்துவிட்டு வந்தான்.