தகரத்துக்குள் ஓர் ஆள்

"அண்ணா, விடுங்கோ... நான்தான் முதல்ல எடுத்தனான்!"

வெள்ளவத்தை வீடியோக் கடையில் அந்த ஒரே கசெட்டின் மறுமுனையைப் பிடித்திருந்தாள் அவள். மழையில் நனைந்த இமைகள்... அவற்றின் கீழே அந்தக் கண்கள்! நாகேந்திரம் கசெட்டை விட்டுவிட்டான். அந்த 'அண்ணா'தான் நெஞ்சில் குத்தியது. பஸ் நிற்கும் ஹோல்டில் மாதக்கணக்காக அவன் தூர நின்று பார்த்து வந்தவள், இன்றுதான் அவனோடு பேசுகிறாள்.

"நேசமலர், இந்தப் பழைய படத்தை எத்தனை தரம்தான் பார்ப்பீர்?" என்று கடைக்காரி கொன்ஸ்ரன்ஸ் அக்கா சிரித்தாள்.

"அந்த ரோபோவுக்காக அக்கா! யாழ்ப்பாணத்தில ஜெனரேட்டர் வச்சுப் பார்த்த நாளில இருந்து அவரில எனக்கு ஒரு விருப்பம். அது உண்மையான மெசின். படம் முடிஞ்ச பிறகும் தானா நடந்ததாம்!"

அவராம்... ஒரு தகரப் பெட்டிக்கு மரியாதை! நாகேந்திரத்துக்கு வயிறு எரிந்தது.

"எல்லாரும் சொல்லுற கட்டுக்கதை அது. உள்ளுக்க ஆள் இருக்கு."

"சும்மா சொல்லாதேங்கோ!"

கசெட்டை வாங்கிக் கடை டீவியோடு இருந்த வீடியோ டெக்கில் போட்டான். ரோபோ கதாநாயகிக்குக் கை கொடுக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினான். அதன் கழுத்துக்குக் கீழே இரண்டு சின்ன ஓட்டைகள்.

"தலையில மினுங்குறது வெறும் பல்ப். ஆள் பார்க்கிறது இதுக்குள்ளால."

அவள் முகம் வாடியது. வென்றுவிட்டோம் என்று நினைத்தான், பாவி. அவளோ திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அப்ப... வேர்த்து வழிய உள்ளுக்க நின்று, அவளையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்... ஒரு வார்த்தை சொல்லாமல்! பாவம். இப்ப இன்னும் விருப்பமாக் கிடக்கு."

தகரத்தோடு போட்டியே தாங்கவில்லை... இப்போது ஆளோடுமா! இனிப் பேசினால் இருக்கிற மானமும் போய்விடும். சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி, மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது கிளம்புவதாக இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம்...

"பஸ் ஹோல்டில ஒவ்வொரு நாளும் இந்த ஹெல்மெட்டுக்குள்ள நிக்கிறது நீங்கள்தானே?"

உதைக்கத் தூக்கிய காலை அவன் அப்படியே இறக்கினான்.

"செக்பொயிண்டில பொலிஸ் சொன்னாத்தான் கழட்டுவீங்களோ? நான் சொன்னாக் கழட்ட மாட்டீங்களோ?"

கழற்றினான். மழை முகத்தில் வழிந்தது.

"ஓம்... நான்தான். உள்ளுக்க இருந்து உங்களை மட்டும்தான் பார்த்தனான். அந்த ரோபோவில எனக்குச் சரியான பொறாமை, நேசமலர். எனக்கு உங்களில அவ்வளவு விருப்பம்."

அவள் கண்கள் சிரித்தன... பிறகு நிலம் பார்த்தன.

"அவர் கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை. நீங்கள் சொல்லிப்போட்டீங்கள்," என்றாள் மெதுவாக. "மழை விடட்டும். உள்ளுக்க வாங்கோ..."

பின்னால் அந்தப் பழைய சொல்லும் வருமோ என்று கொஞ்ச நேரம் காத்து நின்றான். 'அண்ணா' வரவில்லை.