திருப்பி மாட்டிய கதவு

கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் அதன் கீழ்த் தாழ்ப்பாள் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அதைத் தானே உள்ளே இழுத்து வைத்ததாக ஏஞ்சலுக்கு நினைவு. நினைவுதான், உறுதி இல்லை. நோட்டில் குறித்தாள்: செவ்வாய், கீழ்.

கடம்பத்தூரில் இந்தப் பழைய வீட்டை வாங்கியதிலேயே கையிருப்பு கரைந்துவிட்டது. ஹாலுக்கு டைல்ஸ், சமையலறைக்கு மேடை, அதோடு சரி. பின்னறைக்குப் புதுக் கதவு கட்டுப்படியாகவில்லை. பழைய தேக்குக் கதவில் ஹால் பக்கம் மூன்று தாழ்ப்பாள்கள் இருந்தன. அறைப் பக்கம், முழங்கால் உயரத்தில், கொத்துக் கொத்தாகக் கீறல்கள். நாயை அடைத்து வைத்திருப்பார்கள் என்று அவளே முடிவுகட்டி, கதவைத் திருப்பி மாட்டச் சொன்னாள். தாழ்ப்பாள்கள் உள்ளே போயின. ஹாலைப் பார்த்த கீறல்களைப் பட்டி பூசி மறைத்து, வெள்ளை அடித்து, அறையை நான்கு வயது மகள் ஜெபாவுக்குக் கொடுத்தாள்.

புதன், நடு.

"நீ போட்டியா?" அத்திப்பட்டில் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் எபினேசரைக் கேட்டாள்.

"தொறந்த கதவுக்கு எவனாவது தாப்பா போடுவானா? நோட்டுல எழுதிக்கினு, என்னையே திருடனாக்குற."

அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வியாழன், மேல். அது அவள் தலைக்கு மேலே இருந்தது. துருவேறிய அதை முன்பு நகர்த்த அவளுக்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது. இப்போது விரல் பட்டதும் வழுக்கியது. யாரோ போட்டுப் போட்டுப் பழகியதுபோல.

ஆசாரி கோபாலுக்குப் போன் செய்தாள். "மூணையும் கயட்டிடுங்கண்ணே. இன்னிக்கே."

"தேர்வாய் பக்கம் வேலை ஓடிக்கினுகீதுமா. ஞாயித்துக்கெயம வரேன். மூணு தாப்பாவுக்கு இம்மா பேஜாரா?"

ஜெபாவைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க, மிஞ்சிய டைல்ஸ் பெட்டியை முட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு மதியம் கோபால் வந்தார். பெட்டியை நகர்த்தினார். கதவை ஆட்டிப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவர் வண்டியில் இருக்கிறதென்று வாசலுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து ஜெபா பொம்மையை எடுக்க உள்ளே ஓடினாள்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"ஜெபா, தொறடி."

சரக். கீழ்.

"பாப்பா, கைய எடு!"

சரக். நடு.

"நான் இல்லமா..."

மேலே, ஏஞ்சலின் தலைக்கு மேலே, நிதானமாக, மூன்றாவது.

ஏஞ்சல் தோளால் இடித்தாள். தேக்கு அசையவில்லை. பட்டிதான் உதிர்ந்தது. வெள்ளைக்கு அடியிலிருந்து பழைய கீறல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மெல்லியவை. நெருக்கமானவை. நான்கு நான்காக.

நாய் இல்லை.

கதவின் அந்தப் பக்கம், அதே முழங்கால் உயரத்தில், சின்ன நகங்கள் கீறத் தொடங்கின.