ஒன்றரைச் சாண் லாரி

அந்த மேசையில் உட்கார்ந்து அவர் கடைசியாகச் செய்தது ஒரு துருக்கறை.

காலை ஏழு மணி இருக்கும். குளித்து, சட்டை மாட்டி, பையை வாசலில் கொண்டுபோய் வைத்த பிறகும் அவர் கிளம்பவில்லை. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சுத் துண்டின் முனையைப் பழுப்பு வண்ணத்தில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுத்து, கிட்டத்தட்ட ஒன்றுமே மிச்சமில்லாத அந்தத் துண்டால் மேசை மேலிருந்த சின்ன லாரியின் பின்கதவுக் கீலோரம் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இன்ஸ்பெக்டரம்மா, வந்து பாத்துச் சொல்லுங்க. பாஸா, பெயிலா?"

அவள் பள்ளிப் பாடநூல்களுக்கு, அச்சுக்குப் போகுமுன், மெய்ப்புத் திருத்துகிறவள். பிழை பார்த்தே பழகிய கண் என்பதால் கணவர் வைத்த பெயர் அது. கையிலிருந்த தாள்களோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"நிஜ வண்டியிலயும் தூக்கலாத்தான் இருக்கு. கம்பெனிக்காரன் பெயிண்ட் அடிக்க மாட்டேங்கிறான், நான் என்ன பண்ண?"

"துருவ ஒழுங்கா புடிக்க வைக்கணும்னு கவலப்படுற ஒரே மனுசன் நீங்கதான்."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியின் மூடியைப் போட்டார். போகும்போது வழக்கம்போல அவள் தலையில் விரலால் ஒரு சுண்டு. அவ்வளவுதான்.

அவர் ஓட்டியது பத்துச் சக்கர லாரி. மேசையில் இருந்தது அதே லாரி, இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில், ஒன்றரைச் சாண் நீளத்தில். மாடல் கடையில் துண்டு துண்டாகப் பெட்டியில் வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வண்ணமடித்து, ஒன்றரை வருடத்தில் முடித்தது. முடித்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அவர் நிஜ லாரியைச் சுற்றி நடந்து, புதிதாக விழுந்த கீறல், நசுங்கல், எண்ணெய்க் கசிவு எல்லாவற்றையும் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டு வருவார். மறுநாள் ஊசியாலும் தூரிகையாலும் அவை இங்கே வந்துவிடும். அதில் இருப்பது இதில் இருக்க வேண்டும். அதில் இல்லாதது இதில் இருக்கக் கூடாது. அவருடைய சட்டம் அது. ஓட்டுநர் பொம்மை ஒன்றும் அந்தப் பெட்டியோடு வந்திருந்தது. அதை அவர் உட்காரவைக்கவில்லை. முகம் சரியாக வார்க்கவில்லையாம். "டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான்னு வச்சுக்க" என்பார்.

அவர் கிளம்பிப் போன மறுநாள் காலை பத்து மணி சுமாருக்கு அவள் பெட்டியின் மேல் தூசி துடைத்தபோது, உள்ளே, லாரியின் வலது பக்கக் கண்ணாடி, பின்னால் வருவதை ஓட்டுநர் பார்க்கும் அந்த விரல்நகத்தளவு கண்ணாடி, கழன்று அடித்தட்டில் கிடந்தது.

மூடி போட்டபடியே இருந்தது. மேசை அசையவில்லை. நம் கைதான் எங்கேயோ பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வந்து கத்தப் போகிறார் என்ற சிறு பயம் மட்டும்தான் அப்போது.

பதினோரு மணிக்கு அவர் அலைபேசியில் பேசினார்.

"மிரர் போச்சும்மா. பஸ்காரன் ஒருத்தன் ஒரசிட்டு நிக்காமப் போயிட்டான்."

"எந்தப் பக்கம்?"

"வலது. ஏன்?"

"எத்தன மணிக்கு?"

"பத்து இருக்கும். என்ன, கேஸ் எழுதப் போறீங்களா இன்ஸ்பெக்டரம்மா?" சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "அது இல்லாம மலை ஏறுறது ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நடக்கிற மாதிரி. இனிமே இறங்குற வரைக்கும் ஒர்க் ஷாப்பும் கிடையாது. பாத்துப் போய்க்கிறேன்."

சொல்ல வாயெடுத்தாள். ஸ்டியரிங் பிடித்திருக்கிற மனிதனிடம் இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். மூடியைத் தூக்கினாள். எப்போதும் வருகிற வண்ண வாசனைக்கும் பிளாஸ்டிக் வாசனைக்கும் அடியிலிருந்து, வீட்டுக்குள் வரக் கூடாத இன்னொரு வாசனை எழுந்தது. அவர் சட்டையைத் துவைக்க ஊறவைக்கும்போது வருகிற, காய்ந்த டீசலும் சூடான ரப்பரும் கலந்த வாசனை. சக்கரங்களைப் பார்த்தாள். சாக்பீஸ் தூள் பூசி அவர் செய்திருந்த வெளிர்ப் புழுதியைக் காணவில்லை. டயர்களின் வரிகளில் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது. ஒரு விரலை எஞ்சின் மூடியின் மேல் வைத்தாள். வெயில் படாத மேசை அது. கதகதப்பாக இருந்தது. கேட்டுக்கொண்டே நின்றால், எங்கோ உள்ளே, ஓடி நின்ற வண்டி ஆறும்போது எழுப்புகிற டிக், டிக், டிக்.

அன்று அவள் ஒரு பக்கம்கூடத் திருத்தவில்லை. ஆனால் அவளுக்கு வந்த யோசனை அந்த வேலையிலிருந்துதான் வந்தது. மெய்ப்பில் திருத்தினால் அச்சில் திருந்தும். இருபது வருடமாக அவள் செய்வது அதைத்தானே.

இழுப்பறையில் நான்கைந்து பசைக் குப்பிகள் இருந்தன. எது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் தெரியும். அறுந்த செருப்பையும் உடைந்த கோப்பைப் பிடியையும் ஒட்டியிருக்கிறாள். சிவப்பு மூடி போட்ட, நொடியில் பிடிக்கிற பசை. பல்குத்தும் குச்சியில் ஒரு சொட்டு எடுத்தாள். கையை மேசையில் ஊன்றி, கண்ணாடியை அதன் இடத்தில் வைத்து, முப்பது எண்ணினாள். கூட ஒரு சொட்டும் விட்டாள், உறுதிக்கு. தூசி ஒட்டிவிடக் கூடாதே என்று பெட்டியை இறுக மூடினாள்.

மூன்று மணிக்குப் பேசினார்.

"ஒரு அதிசயம் கேளு. டீ குடிக்க இறங்கினேன். வந்து பாத்தா மிரர் நிக்குது. எவன் மாட்டினான்னு தெரியல, எந்தப் புண்ணியவானோ. ஆட்டிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது."

"சரியா தெரியுதா? பின்னால வர்றதெல்லாம்?"

"நல்லாத் தெரியுது. ஏன் அழுற?"

"அழல. வெங்காயம் நறுக்கறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். அவரை நான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன் என்று நினைத்தாள். அந்த ஒரு மணி நேரம் அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்தாள்.

நாலு மணிக்கு மறுபடியும் அலைபேசி அடித்தது.

"பனி இறங்கிருச்சும்மா. ஒண்ணும் தெரியல. வைப்பர் போட்டாலும் போகல."

"ஓரமா நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன். ஆனா இது பனி இல்ல போலருக்கு. கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கு. துண்டால தொடச்சாலும் வரல. பொரபொரன்னு இருக்கு."

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

லாரியின் முன்கண்ணாடி வெள்ளையாக இருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடிகளும். பால் காய்ந்து படிந்ததைப் போல ஒரு மங்கல் வெள்ளை.

அலைபேசியை அணைக்காமல், ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வீட்டுத் தொலைபேசியில் மாடல் கடைக்காரரைக் கூப்பிட்டாள். இந்த லாரியின் துண்டுகளை விற்றவர், கணவரின் நண்பர், வீட்டுக்கும் வந்திருக்கிறார்.

"அண்ணா, வண்டியோட கண்ணாடியெல்லாம் வெள்ளையாயிருச்சு."

"எதையாவது ஒட்டினீங்களா? சிவப்பு மூடிப் பசையா?" அவர் சிரிப்பதும் காதில் விழுந்தது. "ஒட்டிட்டு உடனே பெட்டிய மூடிட்டீங்க. அதோட புகை போக வழியில்லாம பிளாஸ்டிக் கண்ணாடில படிஞ்சிரும். நாங்க எல்லாரும் ஒரு தடவையாவது பண்ணின தப்புதாம்மா அது. தொடச்சாப் போகாது. வேற கண்ணாடி வெட்டிப் போடணும். வரட்டும் அவன், திட்டமாட்டான், நான் பேசிக்கிறேன்."

அவள் தொலைபேசியை வைத்தாள். பெட்டியின் மூடியைப் பிடுங்கி எறிந்தாள். காரமான வாடை கண்ணில் ஏறியது. மேசையில் அலைபேசி இருமியது.

"கண்ணு எரியுதும்மா. மருந்து வாடை. இறங்கிரலாம்னு பாத்தா கதவு திறக்கல."

"இன்னொரு பக்கம் பாருங்க."

"அதுவும் திறக்கல." துணி உரசும் சத்தம். கை தடவும் சத்தம். "ஜன்னலும் இறங்கல. இங்க ஒண்ணு சரியில்ல. கதவுக்கு இடுக்கே இல்ல. விரல் நுழையல. வெறும் கோடுதான் இருக்கு. கதவு மாதிரி கோடு."

மேசையிலிருந்த அந்தச் சின்ன லாரியில் கதவுகள் திறக்காது. உடலோடு ஒன்றாக வார்த்து, கதவு என்று காட்ட ஒரு கோடு மட்டும் கீறியிருக்கும். அந்தக் கோட்டில் கறுப்பு மை ஓடவிட்டு ஆழமாகக் காட்ட அவர் ஒரு வாரம் பாடுபட்டார்.

அவர் கண்ணாடியைக் குத்த ஆரம்பித்தார். தட். தட். அலைபேசியில் கேட்டது. அதற்கு ஒரு நொடி முன்னால் மேசையிலிருந்தும் கேட்டது, நகத்தால் தட்டுவதைவிட மெலிதாக.

அவள் அவருடைய கூர்க்கத்தியை எடுத்தாள். முன்கண்ணாடியின் விளிம்பில் முனையை வைத்து அழுத்தினாள். கிரீச்.

அலைபேசி அலறியது.

"யாரோ வெளிய இருக்காங்க. பெருசா ஏதோ கண்ணாடி ஓரத்துல நுழையுது. வேணாம்னு சொல்லு. யாருப்பா அது."

கையை எடுத்தாள்.

"நாந்தாங்க."

குத்தும் சத்தம் நின்றது. மூச்சு மட்டும்.

"நீயா? நீ எங்க இருக்க?"

"வீட்ல. உங்க மேசைக்கு முன்னால."

பிறகு அவர் பேசியது மிகவும் நிதானமாக இருந்தது. பயணம் முடிந்து வந்து நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"எந்தப் பசைய எடுத்த?"

"சிவப்பு மூடி."

"மூடி வச்சிட்ட."

"தூசி விழுமேன்னு."

"சரி. பரவால்ல. அழாத. கத்தி மட்டும் வைக்காத. அந்தக் கண்ணாடி பொடிப்பொடியா நொறுங்கும். நான் இங்க ரொம்பக் கிட்டத்துல"

அதோடு நின்றது. சிக்னல் போன சத்தம்கூட இல்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். எத்தனை முறை என்று நினைவில்லை. ஊதினாள். விசிறினாள். தண்ணீர் தொட்டுத் துடைக்கலாமா என்று ஈரத்துணியோடு நின்றாள். வைக்கவில்லை. எதைச் செய்தாலும் அது அங்கே என்னவாகும் என்று தெரியவில்லை. ஒன்றும் செய்யாமலிருந்தால் என்னவாகும் என்றும் தெரியவில்லை. சன்னல்களைத் திறந்து வைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருட்டும்வரை அந்தத் தட்டல் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

லாரியை மறுநாள் கண்டுபிடித்தார்கள். மலைச்சாலையில், ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு ஒழுங்காக நின்றது. கதவுகள் உள்ளேயிருந்து பூட்டியிருந்தன. கண்ணாடிகள் கழுவி வைத்தாற்போல் இருந்தன. இருக்கையில் அவருடைய அலைபேசியும் துண்டும். பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கி நான்கு நாள் தேடினார்கள். கம்பெனி மேலாளர் வீட்டுக்கு வந்து, நல்ல டிரைவர்ம்மா, ஒரு கேஸ் கிடையாது என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து மாடல் கடைக்காரர் வந்தார். நேராக மேசைக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இத இப்படி வச்சிருக்கக் கூடாதும்மா. கண்ணாடித் தாள் கொண்டாந்திருக்கேன். ரெண்டு நிமிஷ வேலை. பழச நெம்பி எடுத்துட்டு"

"தொடாதீங்க."

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வரவில்லை.

மூன்று வருடமாகிறது. பெட்டிக்கு இப்போது மூடி கிடையாது. தூசி விழத்தான் செய்கிறது. அவரிடமிருந்த தூரிகைகளில் மிக மெல்லியதை எடுத்து, ஓட்டுநர் அறையை மட்டும் தொடாமல், அவள் மற்ற இடங்களைத் துடைக்கிறாள். கோடை வந்தால் மேசையை நிழல் பக்கம் நகர்த்துகிறாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

சாயங்காலத்தில் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாக இருக்கும். காலையில் அவள் வந்து குனிந்து பார்க்கும்போது, ஓட்டுநர் பக்கத்தில், ஒரு மிளகளவு வட்டம் மட்டும் தெளிவாகத் துடைத்திருக்கும். உள்ளேயிருந்து.