தங்கைக்குச் சீட்டு வராது

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் அவள் மாடிப்படி ஏறும்போதே மருந்து நெடி அடித்தது. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் மதியமே விளக்குப் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிட்ட மேனேஜர் வாசலோடு நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க சார்."

"இல்லம்மா, நீயே பாரு. அது உங்கண்ணன் உக்காந்த இடம்." கொஞ்சம் தயங்கினார். "இன்னிக்குள்ள சரியாகலன்னா அவர் எழுதின மாட்யூலையே தூக்கிட்டு வேற வாங்கிப் போடச் சொல்லிட்டாங்க."

ஆஸ்பத்திரி இணையதளத்தில் அண்ணன் சொந்தமாக எழுதிய மென்பொருள் பகுதிதான் அந்த மாட்யூல். நோயாளியைப் பார்க்க வருகிறவர் தன் பெயரையும் உறவையும் பதிந்தால் கீழே கவுன்ட்டரில் அனுமதிச் சீட்டு அச்சாகும். சில நாள் அச்சாகாது. பின்னால் நிற்கிறவர்களும் அப்படியே நிற்க வேண்டியதுதான். அண்ணன் இதே ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது அவளும் அந்த வரிசையில்தான் நின்றாள். சீட்டு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது.

மாட்யூலை நகல் எடுத்துக்கொண்டாள். எந்த இடம் வரை ஓடுகிறது என்று திரையில் காட்டுவதற்காக அண்ணன் ஆங்காங்கே அடையாள வரிகள் போட்டிருந்தான். 'வந்தாச்சு.' 'இதுவும் தாண்டியாச்சு.' அவன் பேசுவது போலவே இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் நீக்கினாள். பிறகு பாதி நிரலை அடைத்துவிட்டு மீதியை ஓடவிட்டாள். கோளாறு போய்விட்டால் அது அடைத்த பாதியில் இருக்கிறது. போகாவிட்டால் மிச்சப் பாதியில்.

திரையில் ஒரு வரி வந்தது.

'தேடிக்கிட்டிருக்கேன்.'

ஒன்றை விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நிரல் முழுக்கத் தேடினாள். அப்படி ஒரு வரியே இல்லை.

பக்கத்து நாற்காலி முனகியது.

தலைவலிக்கு அவன் தேய்த்துக்கொள்ளும் தைல வாசனை மெல்ல வந்தது.

'எங்க தப்புன்னு தெரியல தங்கச்சி.'

அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. எழுந்து ஓடவும் மனமில்லை.

"இரு அண்ணா," என்றாள் மெதுவாக. "நானும் பாக்கறேன்."

பாதியில் பாதி, அதிலும் பாதி. தேடத் தேடச் சிறுத்துக்கொண்டே வந்து, உறவைச் சரிபார்க்கும் இடத்தில் நின்றது. நிரல் எதிர்பார்த்த சொல் 'தங்கை'. வருகிறவர் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அண்ணன் எழுதியிருந்ததோ 'தங்கச்சி'. ஒரு நாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவனில்லை. வாயில் வருவதே விரலிலும் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? எந்தத் தங்கை வந்து நின்றாலும் அது பதில் தெரியாமல் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

'கிடைச்சுதா?'

நீ ஆசையாகக் கூப்பிட்ட சொல்தான் என்னை வாசலில் நிறுத்திவிட்டது என்று எப்படிச் சொல்வாள்?

"கிடைச்சிடுச்சு அண்ணா. மெஷின்லதான் ஏதோ. உன் மேல ஒண்ணுமில்ல."

உறவுப் பட்டியலைத் திறந்தாள்.

'பொய் சொல்லாத.'

அழுதுகொண்டே அந்தச் சொல்லை 'தங்கை' என்று மாற்றினாள். சோதித்துவிட்டு இணையதளத்தில் ஏற்றினாள். கீழே வரிசை நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுதியது இனி இங்கேயே இருக்கும். தைல வாசனை மட்டும் கலைந்துபோனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது செக்யூரிட்டி ஒரு சீட்டோடு மேலே வந்தார்.

"மெஷின் சரியாயிடுச்சும்மா, எல்லாரும் உள்ள போய்ட்டாங்க. இது ஒண்ணுதான் யாருதுன்னு தெரியல. இந்த ரூம் போட்டிருக்கு. ஆளைக் காணோம்."

வாங்கிப் பார்த்தாள்.

பார்க்க வந்தவர்: அண்ணன்.

பார்க்க வேண்டியவர்: தங்கச்சி.

உள்ளே வந்த நேரம் தெளிவாக அச்சாகியிருந்தது. வெளியே போகும் நேரத்துக்கு எதிரே ஒன்றுமே இல்லை.