எட்டாவது ஸ்விட்ச்

மெயின் போர்டில் எட்டு ஸ்விட்ச் இருந்தன. ஏழுக்குத்தான் பெயர் ஒட்டியிருந்தது. சமையலறை, மாடிப்படி, குளியலறை என்று வீட்டுக்காரர் ஆர்னால்ட் மிட்க்லி அழகாக எழுதி ஒட்டியிருந்தார். எட்டாவதுக்குப் பெயர் இல்லை. அது கீழே இறங்கி அணைந்துவிடாதபடி கறுப்பு டேப்பை இழுத்து ஒட்டியிருந்தது. ட்ரெவர் ஹோல்ராய்டுக்கு அது பிடிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் வீடு வீடாக ஏறி இறங்கி, வயரிங்கைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவன். மறந்துபோய் எழுதாததற்கும் வேண்டுமென்றே எழுதாததற்கும் வித்தியாசம் தெரியாதா என்ன?

ஆறு வருஷம் முன்பு கவுன்சிலுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மிட்க்லி தானே இழுத்த வயரிங் அது. இப்போது வீட்டை விற்கிறார். சான்றிதழ் வராமல் வாங்குகிறவர்களின் வக்கீல் அசைய மாட்டேன் என்கிறார். சனிக்கிழமை குடிவரப்போகும் அந்த இளம் ஜோடியை ட்ரெவர் வாசலிலேயே பார்த்தான். பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். "நீங்க சரின்னு சொன்னா போதுங்க, எங்களுக்கு" என்றாள். இவன் கையெழுத்தை நம்பித்தான் அவள் இங்கே பிள்ளையைத் தூங்கவைப்பாள்.

"டேப் ஒட்டியிருக்கே, இது எதுக்குங்க?"

மிட்க்லி டீக் கோப்பையோடு வந்து நின்றார். "அதுவா? பழைய ஃப்ரீசர். அதை விட்டுடு தம்பி. மீதி ஏழையும் பாத்து எழுதிக் குடு."

"ஃப்ரீசர் எங்க?"

"வித்தாச்சு."

"வித்த ஃப்ரீசருக்கு எதுக்குங்க டேப்பு?"

"நீ எலக்ட்ரீஷியனா, போலீஸா?" கிழவர் சிரித்தார். "பிஸ்கட் எடுத்துக்கோ."

நவம்பர் மாதம், மணி நாலரை. வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. சோதிக்க வேண்டுமென்றால் மெயினை அணைத்தே ஆக வேண்டும். அணைத்தான். ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றது. நெற்றி டார்ச்சைப் போட்டுக்கொண்டு திரும்பினால், மிட்க்லி டீயைக் குடிக்காமல் மாடிப்படிக்குக் கீழே, போர்டு மாட்டியிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"அவ்வளவு நேரம் தாங்காதே..."

"எது தாங்காது?"

மிட்க்லி திரும்பி நடந்தார். சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. என்னமோ மறைக்கிறான் கிழவன் என்று ட்ரெவர் பல்லைக் கடித்தான்.

ஏழு சர்க்யூட்டும் சுத்தம். குறை சொல்ல முடியாத வேலை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. டேப்பைக் கிழித்து எட்டாவதை இறக்கினான். மற்ற வயர்களெல்லாம் மேலே ஏறிப்போக, இது மட்டும் போர்டின் பின்பக்கம், சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை வழியாகச் சுவருக்குள் இறங்கியது. அந்தச் சுவரின் பூச்சு ஆறு வருஷம் ஆகியும் ஈரமாக இருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது, முகர்ந்தால் பூட்டிவைத்த அறையில் வியர்த்துக் கிடந்த துணியின் வாடை அடித்தது.

வயரின் முனைகளைப் போர்டிலிருந்து கழற்றி மீட்டரை மாட்டினான். பொத்தானை அழுத்தினால் ஐநூறு வோல்ட் உள்ளே போகும். நல்ல வயராக இருந்தால் எண் உச்சத்தில் நிற்கும். இது அடிமட்டத்துக்கு விழுந்தது. அந்தப் பக்கம் ஈரமான ஏதோ ஒன்று வயரைப் பிடித்திருந்தது.

திரும்ப அழுத்தினான். சுவருக்குள் சர்ர்ரென்று ஒரு கீறல். விட்டான், நின்றது. எலி. மறுபடி அழுத்தினான். மறுபடி கீறல். எலியேதான். இன்னொரு முறை பொத்தானில் விரலை வைத்தான், அழுத்தவில்லை.

கீறல் வந்தது.

மீட்டரைக் கழற்றினான். சுவரை உடைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் இந்த வீட்டை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. ‘எட்டாவது சர்க்யூட் துண்டிக்கப்பட்டது, சோதிக்கப்படவில்லை’ என்று எழுதினான். அப்படி எழுத ஒரு கட்டம் படிவத்திலேயே இருக்கிறது. கீழே கையெழுத்து. சீ, இவ்வளவுதானா நான் என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு கை தோளுக்கு மேலாக வந்து தாளை உருவியது.

"துண்டிச்சிட்டியா?" மிட்க்லி கோட்டு போட்டிருந்தார். கையில் பெட்டி. "சுவருக்குள்ள வெளிச்சம் போட்டே வச்சிருந்தேன் தம்பி, ஆறு வருஷமா. இருட்டுன்னா அது வெளிச்சத்தைத் தேடிக்கிட்டு வந்துடும்."

"யாருங்க? உள்ள யாரு?"

வாசல் கதவு மூடிக்கொண்டது. வெளியிலிருந்து சாவி திரும்பியது. சான்றிதழ் அவரோடு போய்விட்டது. சனிக்கிழமை அந்தப் பிள்ளைத்தாய்ச்சி வருவாள்.

பின்னால் ஏதோ உரசியது.

எட்டாவது வயர் நகர்ந்தது. ஒரு அங்குலம். இன்னொரு அங்குலம். அந்தப் பக்கமிருந்து யாரோ இழுக்கிறார்கள். பளபளத்த செப்பு முனைகள் ஓட்டைக்குள் போய் மறைந்தன.

அமைதி.

ஓட்டையிலிருந்து ஒரு விரல் வந்தது. சாம்பல் நிறம். நகம் தேய்ந்துபோன விரல். ஸ்விட்ச் வரிசையைத் தடவியது. ஒன்று. இரண்டு. நீண்டுகொண்டே போனது. எட்டாவதில் நின்றது. மேலே தள்ளியது.

இருட்டு அப்படியே இருந்தது.

இன்னொரு விரல் வந்தது. மூன்றாவது. ஓட்டை பெரிதாகவில்லை. மூன்றும் கொஞ்ச நேரம் காற்றில் துழாவின. பிறகு, அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே வெளிச்சத்தின் பக்கம், அவன் நெற்றியின் பக்கம், மெதுவாகத் திரும்பின.