சுடச்சுட இஸ்தான்புல்

கம்சிகாவின் அப்பா பரமேஸ்வரனுக்கு ரோட்டு வேலை. லண்டன் தெருக்களைத் தோண்டுவார், குழாய் போட்டதும் மூடுவார். இரவில் வேலை, பகலில் தூக்கம். அதனால் குட்மேய்ஸில் இருந்த அவளுடைய பள்ளிக்கூடத்தை அவர் வெளியிலிருந்துதான் பார்த்திருந்தார்.

டிசம்பர் கண்காட்சியன்று முதல் தடவையாக உள்ளே வந்தார். காரணம் நெருப்பு.

கண்காட்சியில் ஒவ்வொரு குழுவும் ஒரு நகரத்தின் பெயரில் கடை போட வேண்டும். அந்த ஊருக்குச் சுற்றுலா போகிறவர்கள் எதைப் பார்க்கலாம், எதைச் சாப்பிடலாம் என்று காட்ட வேண்டும். மணி அடிக்கும்போது எந்தக் கடையில் வரிசை நீளமோ, அந்தக் கடைக்காரர்கள்தான் பள்ளிக்கூடத்தின் பெரிய மரத்துக்கு விளக்குப் போடலாம்.

கம்சிகாவுக்கும் சிவதர்ஷனுக்கும் கிடைத்தது துருக்கியில் இருக்கும் இஸ்தான்புல்.

சிவதர்ஷன் ஒரு பெரிய அட்டையில் வருடம் முழுவதையும் வரைந்துவிட்டான். ஏப்ரலில் பூங்கா நிறைய டியூலிப் பூக்கள். கோடையில் கப்பல் பயணம். இலையுதிர் காலத்தில் பாண் ரொட்டிக்குள் வைத்த மீன். குளிர்காலத்தில் தெருவோரம் சுட்டு விற்கும் செஸ்ட்நட் கொட்டை.

"இப்ப குளிர்காலம்தானே? அப்ப நாங்கள் செஸ்ட்நட் சுடுவம்," என்றாள் கம்சிகா.

கரி அடுப்பு என்றதும் மிஸ் ஹார்ப்பர் இரண்டு நிபந்தனை போட்டார். கடை, பள்ளி மண்டபத்துக்குள் இல்லை, வெளியே சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில். பெரியவர் ஒருவர் அடுப்போடு நிற்க வேண்டும்.

அம்மாவுக்கு அன்று ஷிப்ட். எனவே அப்பா தூக்கத்தை விட்டுவிட்டு, வேலை முடிந்த உடுப்போடு அப்படியே வந்தார். மஞ்சள் ஜாக்கெட். சேறு காய்ந்த சப்பாத்து.

உள்ளே போன மற்றப் பெற்றோர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கம்சிகாவுக்கு மரத்து விளக்கைப் போடும் பரிசு வேண்டும், அது உண்மை. அதைவிட, அப்பாவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது.

அப்பா கரியை மூட்டி, தட்டில் கொட்டைகளைப் பரப்பினார். அந்த நேரம் பார்த்து, பாரிஸ் கடைக்கார முகுந்த் வேடிக்கை பார்க்க வெளியே வந்தான். தலையில் உயரமான சமையல்காரத் தொப்பி.

டமார்!

ஒரு கொட்டை வெடித்தது. டமார்! இன்னொன்று. ஒரு துண்டு பறந்து போய் முகுந்தின் தொப்பியில் ஒட்டிக்கொண்டது.

"என்ன இது, தீபாவளியா?" என்று கத்தினான் முகுந்த். "எல்லாரும் ஓடி வாங்க! கம்சிகா அப்பா வெடி போடறாரு!"

ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா அவசரமாகத் தட்டை இறக்கினார்.

"நான் என்ன பிழை விட்டனான் பிள்ளை? நெருப்புக் கூடிப்போச்சோ?"

மிஸ் ஹார்ப்பர் ஓடி வந்தார். "இன்னொரு தடவை வெடித்தால் கடையை மூட வேண்டியதுதான்."

கம்சிகாவின் காது சுட்டது. அழுகை வருவதுபோல் இருந்தது. ஆனால் காலடியில் கிடந்த ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தாள். தோல் பிளந்து, உள்ளே மஞ்சளாக இருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறாளே!

"அப்பா, இது பலாக்கொட்டை மாதிரி!"

வீட்டில் பலாப்பழம் வாங்கினால் கொட்டைகளைக் கீறுவது அவள் வேலை. ஒருநாள் கீறாமல் ஓவன் அடுப்புக்குள் வைத்துவிட்டாள். வெடித்த வெடியில் அம்மா பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"தோலைக் கீறாட்டி உள்ளுக்குள்ள ஆவி அடைபட்டு வெடிக்கும் மிஸ். கீறிவிட்டால் வெடிக்காது. ஒரேயொரு தரம் பாப்பம்!"

மிஸ் ஹார்ப்பர் அவளைப் பார்த்தார். பிறகு பள்ளிச் சமையலறையிலிருந்து இரண்டு சின்னக் கத்திகளோடு வந்தார். "என் கண் முன்னால் கீறுங்கள். விரல் கவனம்."

ஒவ்வொரு கொட்டையிலும் ஒரு கீறல். அப்பா மறுபடி தட்டை ஏற்றினார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

வெடிக்கவில்லை. கீறிய இடத்தில் தோல் மெல்ல விரிந்தது. இனிப்பாக ஒரு வாசம் எழுந்தது.

ஆனால் வாங்க யாரும் இல்லை. எல்லாரும் மண்டபத்துச் சூட்டுக்குள் இருந்தார்கள்.

"அந்த ஊரில கூவித்தான் விப்பினம். செஸ்ட்நட்டுக்கு அவையள் சொல்லுற பேர் கெஸ்தானே," என்று சிவதர்ஷன் தொண்டையைச் செருமிக் கூவினான். பூனைக்குட்டி கத்தியது போல் இருந்தது.

"நீங்கள் கத்துங்கோ அப்பா."

"நானோ? சனம் சிரிக்கும்."

"ரோட்டில மெஷின் ஓடேக்க எப்படிக் கூப்பிடுவீங்கள்?"

"அப்ப கத்தாட்டி ஒருத்தனுக்கும் கேக்காதே."

"அப்படித்தான்!"

அப்பா மூச்சை இழுத்தார்.

"கெஸ்தானேஏஏ! சுடச்சுடக் கெஸ்தானேஏஏ!"

கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த அம்மாக்கள் திரும்பினார்கள். மண்டபத்துக் கதவு திறந்தது.

கடதாசிச் சுருளில் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் உடனே சாப்பிடவில்லை. முதலில் இரண்டு கையாலும் சுருளைப் பிடித்துக் குளிர் காய்ந்தார்கள். தின்றவர்கள் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள்.

வரிசையில் முகுந்தும் வந்தான். மெல்லிய சட்டை, பல் கிட்டியது. கம்சிகா ஒரு கணம் யோசித்தாள். பிறகு மற்றவர்களைவிட இரண்டு கொட்டை கூடப் போட்டு நீட்டினாள்.

"முதல்ல கையைச் சூடாக்கு."

"ஸாரி," என்றான் முகுந்த். "இது வெடிக்காதுல்ல?"

"நீ இன்னொருக்காச் சிரிச்சா வெடிக்கும்."

அவன் ஒன்றை வாயில் போட்டான். கண் விரிந்தது. அடுத்த நிமிடம் மண்டபத்துக்குள் அவன் குரல் கேட்டது. "டேய், பாரிஸை அப்புறம் பாக்கலாம். வெளியே வாங்கடா!"

மணி அடித்தது. இஸ்தான்புல் வரிசை கொட்டகையைச் சுற்றி, வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை போயிருந்தது. அளக்கத் தேவையே இருக்கவில்லை.

மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். மிஸ் ஹார்ப்பர் வெள்ளைச் சுவிட்சைக் காட்டினார். சிவதர்ஷன் உடனே விரலை வைத்தான். கம்சிகா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ர கை முழுக்கக் கரி பிள்ளை. நீங்கள் அமத்துங்கோ."

"கரிக்கைதான் வேணும். வாங்கோ!"

மூன்று விரலும் சேர்ந்து அமத்தின. மரம் முழுக்க விளக்குகள் எரிந்தன. தெருவில் நின்றவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

"கெஸ்தானேஏஏ!" என்று அப்பா கத்தினார். இந்தத் தடவை அவரைக் கத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.