நான் குறித்தவை நீங்கலாக

சுவர்க்கடிகாரத்தின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டு ஈரமாக இருந்தது.

அவள் கடிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, சீட்டின் ஓரத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு அரைவிரல் அளவு நகர்ந்தது. விரல்நுனியில் வெள்ளையும் நீலமும் கலந்த பசை ஒட்டியது. அத்தை இறந்து முப்பத்தாறு நாள் ஆகிறது. மைதாவில் காய்ச்சிய பசை, மூடிக் கிடக்கும் அறையில்கூட ஒரு பொழுதுக்குள் காய்ந்துவிடும். பதினொரு வருஷம் அந்தப் பசையைக் காய்ச்சிக் கொடுத்தவளுக்கு இது தெரியாதா என்ன.

சுவர் ஓதமாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மடியிலிருந்த தாளில் எழுதினாள். நாற்பத்தேழு: சுவர்க்கடிகாரம், ஓடவில்லை. சீட்டில் உள்ளபடி, தம்பிக்கு.

எல்லாமே அவளுடைய தம்பிக்குத்தான். பீரோ தம்பிக்கு, கட்டில் தம்பிக்கு, அம்மிக்கல் தம்பிக்கு. அம்மிக்கல்லை அவன் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறான் என்பது அத்தைக்குத்தான் வெளிச்சம்.

அத்தை ஒரு நூலகத்தின் பைண்டிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கிழிந்த புத்தகங்களைத் தைத்து, அட்டை போட்டு, முதுகில் எண் எழுதிய சீட்டு ஒட்டுவார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் சீட்டு ஒட்டாத சாமான் கிடையாது. முதலில் சீட்டில் பொருளின் பெயர் இருந்தது. கடைசி இரண்டு வருஷத்தில் அது யாருக்கு என்பது வந்தது. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதால் அவருடைய வலது கட்டைவிரல் எப்போதும் நீலம் பாரித்திருக்கும். சீட்டை வைத்து மூன்று தட்டு, ஓர் அழுத்து, பிறகு ஓரங்களை வெளிப்பக்கமாக ஒரு தடவல். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. சாகும்போதும் அந்த விரல் நீலமாகவே இருந்தது. ரத்த ஓட்டம் நின்றதால் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார், அவளும் திருத்தவில்லை.

அத்தை இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டபோது, இரண்டு வாரத்துக்கு என்று ஒரே ஒரு பையோடு வந்தவள் அவள். பதினொரு வருஷம் ஆனது. அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை போனது. பெண் கேட்டு வந்த நல்ல இடம் ஒன்று, காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது. தினமும் மாலை அத்தை கட்டிலில் உட்கார, அவள் தரையில் கட்டிலுக்கு முதுகு காட்டி உட்காருவாள். அத்தை அவளுக்குத் தலைவாரி விடுவார்.

"எனக்குன்னு யாரு இருக்கா?" என்பார்.

"நான் இருக்கேன் அத்தை."

"ஆமா. எனக்குன்னு இருக்கிறவ நீ ஒருத்திதான்."

அப்புறம் பின்னங்கழுத்தில் தட்டிக் கொடுப்பார். அவளை அவ்வளவு பிரியமாகத் தொட்ட கை வேறு எதுவும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே மற்ற இருபத்து மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிஷத்தையும் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

உயிலைப் பிரித்தபோது வீடு தம்பிக்கு என்றிருந்தது. நடத்திவைக்கும் பொறுப்பு மட்டும் அவளுக்கு. நீதிமன்றத்துக்குப் பட்டியல் போட்டு, சாவியை ஒப்படைக்க வேண்டும். இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சைப் பார்க்கக் கிடைத்தது. இவளைப் பஞ்சை எண்ணி மூட்டை கட்டி அடுத்தவன் வண்டியில் ஏற்றச் சொன்னார்கள். அன்று அவள் அழவில்லை.

ஒரே ஒரு வரியில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. *வீடும் அதிலுள்ள அனைத்தும், என்னுடையவை என்று நான் குறித்தவை நீங்கலாக.*

"இது என்ன சார்?" என்று வக்கீலிடம் கேட்டிருந்தாள்.

"எழுதறப்பவே நான் சொன்னேம்மா. செத்தவங்க எதையும் தனக்குன்னு வச்சுக்க முடியாதுன்னு. கேக்கல. அந்த வரி இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்னுட்டாங்க."

"அப்படிக் குறிச்சது எதாவது இருந்தா?"

"அது உயில்ல சேராது. வாரிசுங்க ரெண்டு பேருக்கும் பொது. தம்பிக்குன்னு போடாத சீட்டு ஒண்ணு கண்ணுல பட்டாலும் விட்டுடாதீங்க."

அதைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், பங்குக்காக இல்லை. மூத்தவளுக்கு என்று ஒரு சீட்டு. ஓட்டைக் கரண்டியின் அடியில் இருந்தாலும் போதும், அந்தப் பதினொரு வருஷம் வீண் இல்லை என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விடுவாள். நாளைக் காலையில் தம்பி சாவிக்கு வருவான். அதற்குள் கிடைக்க வேண்டும்.

இறந்தவர் பெயரில் இருந்த மின் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். கூடத்தில் மட்டும் ஜன்னல் வெளிச்சம் இருந்தது. நடைவழி தாண்டி அத்தையின் அறை நடுப்பகலிலேயே சாயங்காலம் போலக் கிடந்தது. பின்னங்கழுத்தில் வழக்கமான அரிப்பு. முடிக்கடியில் அந்த இடத்தில் வெகுநாளாக ஒரு தடிப்பு உண்டு. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொள்வாள். இன்று கொஞ்சம் அதிகமாக அரித்தது.

போன் அடித்தது. தம்பி.

"லிஸ்ட் முடிஞ்சுதாக்கா?"

"வீடு உனக்குன்னு உனக்கு எப்படா தெரியும்?"

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருஷமாத் தெரியும்க்கா."

"ரெண்டு வருஷமா தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ கிளம்பிப் போயிடுவ. அப்புறம் அத்தையை யாரு பார்த்துக்கிறது? அவங்கதான் வாயே திறக்காதேன்னாங்க. அவளுக்கு வேற ஏற்பாடு பண்ணிட்டேன், அவளைப் பத்தி நீ கவலைப்படாதேன்னாங்க."

"என்ன ஏற்பாடு?"

"அது... நான் கேக்கலக்கா."

கேட்கவில்லை. கைக்குழந்தையாக இடுப்பில் தூக்கிச் சுமந்த தம்பி, கேட்கவில்லை. போனை வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் கறிவேப்பிலை ஆக்கியிருக்கிறார்கள். அவள் மலம் அள்ளிக்கொண்டும் தலையணை மாற்றிக்கொண்டும் இருந்த நாட்களில், அவளுக்குத் தெரியாமல், அவளைப் பற்றி. அத்தை இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பாள். செத்துத் தப்பித்துக்கொண்டார் என்று நினைத்தாள்.

தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள். அத்தை மருந்து குடிக்கும் எவர்சில்வர் டம்ளர் முதலில் கைக்கு வந்தது. அடியைத் திருப்பினாள், பழக்கத்தில்.

எனக்கு.

அவள் பட்டியலை எடுத்து வந்து பார்த்தாள். பன்னிரண்டு: டம்ளர், எவர்சில்வர். தம்பிக்கு. அவள் கையெழுத்துதான். பிழைதிருத்திப் பிழைத்தவள், காலையில் சீட்டை இரண்டு முறை வாசித்துவிட்டு எழுதியது. இப்போது அங்கே வேறு சீட்டு. அத்தையின் சாய்ந்த எழுத்து. ஈரம்.

முதலில் வந்தது பயமில்லை, வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம். தம்பிக்குன்னு போடாத சீட்டு. வக்கீல் சொன்ன சீட்டு. அடித்துப் பிடித்துக்கொண்டு மற்ற சாமான்களைப் புரட்டினாள். கைத்தடி, எனக்கு. மூக்குக்கண்ணாடிக் கூடு, எனக்கு. படுக்கையிலிருந்து அவளைக் கூப்பிட அத்தை அடிக்கும் பித்தளை மணி, எனக்கு. மரச்சீப்பு, எனக்கு. சீப்பின் பற்களுக்கிடையில் ஒரு முடி சிக்கியிருந்தது. நரைமுடி இல்லை. அவளுடையது.

அப்போதுதான் வாசனையை உணர்ந்தாள். மாவு வேகும் வாசனை, அதற்கடியில் செம்பு நாணயத்தை நாக்கில் வைத்தது போன்ற மயில்துத்த நெடி. சிலிண்டரைப் போன வாரமே ஏஜென்சிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். வெறும் அடுப்பின் மேல் பசைச் சட்டி இருந்தது. ஆடை படிந்து, நடுவில் ஒரு குமிழி மெல்ல எழும்பி உடைந்தது. பக்கத்தில் வைத்திருந்த தட்டைத் தூரிகையின் மயிர்கள் நனைந்திருந்தன.

தம்பி. தம்பிதான் சாவி போட்டுத் திறந்து வந்து விளையாடுகிறான். இல்லை, சாவி ஒன்றுதான், அது இவள் இடுப்பில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி? அவளுக்கு எப்படி அத்தையின் கையெழுத்து வரும்?

போகலாம் என்று முடிவு செய்தாள். பட்டியலாவது ஒன்றாவது. தன் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள். அவளுடைய சாமான் அதிகமில்லை. பதினொரு வருஷம் முன்பு கொண்டுவந்த அந்தப் பையை அலமாரியின் மேலிருந்து இழுத்தாள். தூசி கொட்டியது. பையின் அடியில் மட்டும் தூசி இல்லை.

எனக்கு.

தட்டு. அவள் சாப்பிடும் தட்டு. எனக்கு.

குடையின் உள்ளே. எனக்கு.

பள்ளிச் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறை, எனக்கு. அம்மாவின் படம், கண்ணாடிக்குப் பின்னால், எனக்கு. கட்டியிருந்த புடவையின் மடிப்பை விரித்தாள். ஓரத்தில், உள்பக்கமாக, நீளவாட்டில்.

"இதையுமா?" என்று வாய்விட்டுக் கத்தினாள். "என்னோடதுன்னு ஒண்ணுகூட இல்லையா அத்தை? செருப்பையாவது விட்டீங்களா?"

செருப்பையும் விடவில்லை. வாசலில் கவிழ்ந்து கிடந்தன இரண்டும். அடியில் இரண்டு சீட்டுகள், பசை இன்னும் வழிந்துகொண்டு.

வெறுங்காலோடு போவோம். போனால் போதும். கையிலிருந்த போனைப் பார்க்காமல் கீழே போட்டாள், அதன் முதுகு மெத்தென்று இருந்ததால். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். துவாரத்தில் நுழைத்தாள். திருகினாள். தாழ் விலகியது. கதவிடுக்கில் தெருவின் ஒரு கோடு தெரிந்தது: நல்ல வெளிச்சம், ஒரு சைக்கிள், யாரோ தும்மும் சத்தம். இன்னும் நாலரை மணிதான். ஒரே எட்டு வைத்தால் வெளியே.

உள்ளறையில் மணி அடித்தது.

ஒரு முறை. அதிகாரமாக இல்லை. அத்தை எப்போதும் அடிக்கும் விதத்தில்.

"வந்துட்டேன் அத்தை."

சொன்னது அவள் வாய். அவள் சொல்லவில்லை. கதவைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கால்கள் திரும்பின. வேண்டாம் என்று அவள் உள்ளுக்குள் கூவிக்கொண்டேயிருந்தாள். கால்களுக்குப் பதினொரு வருஷப் பழக்கம். நடுராத்திரியில், காய்ச்சலில், தூக்கத்தில்கூட இந்த மணிக்கு எழுந்து நடந்த கால்கள். கூடம். நடைவழி. பாதத்துக்கடியில் தரையின் குளிர்ச்சி. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அறையில் ஜன்னல் மூடியிருந்தது. கட்டில் ஒரு கருப்பு விளிம்பாகத் தெரிந்தது. மெத்தையின் நடுவில், ஆள் உட்கார்ந்தால் விழும் பள்ளம். பசைச் சட்டி இப்போது கட்டில் ஓரத்தில் இருந்தது, ஆவி பறக்க.

பார்க்காதே. பார்க்கவில்லை. அவள் உடம்பு அதன் இடத்துக்குப் போனது. தரையில் உட்கார்ந்தது. கட்டிலுக்கு முதுகு காட்டி.

முடிச்சு அவிழ்ந்தது. சீப்பு உச்சியிலிருந்து மெதுவாக இறங்கியது. நிதானமாக. பிரியமாக. முடி முழுவதும் இடது தோளுக்கு ஒதுக்கப்பட்டது. பின்னங்கழுத்தில் காற்று பட்டது.

அவளால் கையைத் தூக்க முடிந்தது. அது ஒன்று முடிந்தது. பின்னால் கொண்டுபோய் அந்தத் தடிப்பைத் தொட்டாள். இத்தனை வருஷம் சொறிந்த இடம். நகத்துக்கு ஓர் ஓரம் அகப்பட்டது. நேர் ஓரம். கத்தரித்த ஓரம். இழுத்தாள். உரிந்தது. வலித்தது. அடியில் இன்னொரு ஓரம். அதற்கடியில் இன்னொன்று. மடிக்கு வந்து விழுந்தவை பழுப்பேறியிருந்தன, காய்ந்திருந்தன. சிலவற்றில் முடி ஊடுருவி வளர்ந்திருந்தது. கடைசியாக வந்தது நைந்த நூலகச் சீட்டு. அத்தை முதல் வருஷத்தில் மட்டும் வைத்திருந்த ஊதா மைப் பேனாவில் எழுதியது. இவள் வந்த இரண்டாம் வாரமாக இருக்கும். போகலாம் என்று பையைக் கட்டி வைத்த வாரம்.

எல்லாவற்றிலும் ஒரே சொல்.

தட்டிக் கொடுத்தார் என்று நினைத்தாளே. பிரியம் என்று நினைத்தாளே.

"எனக்குன்னு யாரு இருக்கா?" என்றது முதுகுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில்.

அவள் பற்களைக் கடித்தாள். உதடுகளைக் கையால் பொத்தினாள். உரித்தெடுத்த இடம் எரிந்தது. அதன் மேல் தூரிகை வெதுவெதுப்பாக ஒருமுறை இழுத்தது, மேலிருந்து கீழாக. புதிய தாள் ஒன்று நேராக வைக்கப்பட்டது.

மூன்று தட்டு.

ஓர் அழுத்து.

கட்டைவிரல் ஓரங்களை வெளிப்பக்கமாகத் தடவத் தொடங்கியபோது, பொத்திய விரல்களுக்கு அடியில் அவள் வாய் தானாகத் திறந்தது.

"நான் இருக்கேன் அத்தை."